அழிக்காமல் விட்ட கை

"நமக்கு முன்னாடி இந்த ஊர்ல யாராச்சும் இருந்திருப்பாங்களாடி?"

சில்வர் பீச்சில், சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேகா ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஜான்சிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "யாரு?" என்றாள். "நம்மள மாதிரி. ரெண்டு பொம்பளைங்க." சொல்லும்போதே ரேகாவின் குரல் தானாக இறங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளின் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தது. ஜான்சி சுண்டலைக் கொறித்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்கும் அதுதான் காரணம். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், டீச்சர் கத்துவார், மறுநாள் வயிற்றுவலி வந்துவிடும். ஒரு திங்கட்கிழமை வந்த வயிற்றுவலி நிற்கவேயில்லை, பள்ளிக்கூடம் நின்றுபோனது.

ஆனால் அந்தக் கேள்வி அவளோடு கடைக்கு வந்தது. கடலூர் முதுநகரில் செந்தமிழ்ச்செல்வன் நடத்தும் ஸ்டூடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் ஒரே ஷட்டருக்குள் இருந்தன. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜான்சி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் முகங்களெல்லாம் ஒரு சுற்று அவள் கைவழியாகப் போய்த்தான் தெருவுக்கு வரும். மருக்களை எடுப்பாள், கன்னத்தை வெளுப்பாக்குவாள், செத்தவர்களுக்குப் பட்டுச்சேலை கட்டிவிடுவாள். ரேகா கேட்ட நாளிலிருந்து, பழைய படம் எது வந்தாலும் முதலில் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாணப் படத்தில் பின்வரிசையில் ஒட்டி நிற்கும் இரண்டு பெண்கள். மாதா கோயில் திருவிழாவில் ஒரே குடைக்குள் இருவர். பெரிதாக்கப் பெரிதாக்க முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமில்லாமல் போகும். மறுபடி சிறிதாக்குவாள். மறுபடி பெரிதாக்குவாள். செல்வண்ணன் பின்னாலிருந்து, "என்னா ஜான்சி, மூலையில பேயி கீயி தெரியுதா?" என்பார்.

ஆண்களைப் பற்றியாவது ஊர் ஏதோ பேசியது. ஜங்ஷன் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சைச் சொல்லி ஆட்டோ ஸ்டாண்டில் கண்ணடிப்பார்கள். தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரும் டெய்லர் சுப்பிரமணியனும் லாட்ஜில் ஒரே அறையில் கிழவர்களாகும்வரை இருந்ததைச் சொல்லி, "அவுங்க ஒரு மாதிரி" என்று முடிப்பார்கள். சித்திரை மாதம் கூவாகத்துக்குத் தனி பஸ் விடுவார்கள். கடையில் திருநங்கைகளுக்கு வரவேற்பு ஃப்ளெக்ஸ்கூட அடித்திருக்கிறார்கள், ஜான்சிதான் எழுத்து கோர்த்தாள். பெண்ணோடு பெண் என்பதற்கு மட்டும் ஊரிடம் ஏச்சுக்குக்கூட ஒரு சொல் இல்லை. ஒரே பாலினத்தார் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அன்று கடை டிவியில் வானவில் கொடிகள் ஓடின. செல்வண்ணன் ரிமோட்டைத் தேடி சேனலை மாற்றினார். ரேகா அப்போது ஜான்சிக்கு அறிமுகமாகியிருக்கவில்லை. அறிமுகமானது பிறகுதான், சிதம்பரம் அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டிருந்தவள் கடலூருக்கு வந்த இடத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க நுழைந்தபோது. "என் மூக்க ஒண்ணும் பண்ணிடாத, அப்படியே இருக்கட்டும்" என்றாள். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இப்போது ரேகாவின் படிப்பு முடிந்துவிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். சிதம்பரத்திலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடமும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "வந்துடுடி எங்கூட" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓசூர் என்றதும் ஜான்சிக்குத் தெரியாத பஸ்களும் தெரியாத கடைகளும், பேசியாக வேண்டிய புது முகங்களும்தான் கண்முன் வரும். "ஏன், இங்க இருக்க முடியாதா?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"இங்கயா?" போனில் ரேகா சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. "எங்க மங்கலம்பேட்டையில தெரிஞ்சா எங்கப்பன் வெட்டிப்புடுவான். மெட்ராஸ்ல ஊர்வலம் போறாங்க, பேர் சொல்லிக்கறாங்க. நமக்கு என்னா இருக்குது? ஒருத்தரக் காட்டு ஜான்சி. இந்த ஜில்லாவுல ரெண்டு பொம்பளைங்க கடைசி வரைக்கும் ஒண்ணா இருந்தாங்கன்னு ஒரு ஜோடியக் காட்டு. நான் ஓசூர வுட்டுடறன்."

அவள் கோபத்தில் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று ஜான்சிக்குத் தெரியவில்லை. நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் கதிரவன் கடைக்கு வந்தார். நெய்வேலியில் வேலை பார்க்கிறவர். அம்மா சௌந்தரம் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை காரியம், அன்றே படத்திறப்பு. கூடவே ஒரு முதிய பெண் வந்து, யாரும் சொல்லாமலே ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை முடி, காதில் சின்னக் கல்தோடு, மடியில் துணிப்பை. கதிரவன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"அம்மா தனியா நிக்கிற மாதிரி ஒரு படம் இல்லங்க. எதப் பாத்தாலும் பெரியம்மா கூடவே நிக்கிறாங்க."

"அதுக்கென்னா சார், கட் பண்ணிடலாம்" என்றார் செல்வண்ணன். "பெரியம்மாவா இவுங்க? அம்மாவோட அக்காவா?"

"கூடப் பொறந்தவங்க இல்ல. அமராவதின்னு பேரு. அம்மாகூட டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தவங்க. எங்கப்பா லாரி ஆக்சிடென்ட்ல போனப்ப எனக்கு ஒண்ணர வயசு. அப்பலேருந்து எங்க வூட்டுலதான்."

ஜான்சி சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். முகம் தெளிவாக இருக்கிறதென்று கதிரவன் தேர்ந்தெடுத்த படம் கறுப்பு வெள்ளை. சிதம்பரத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில், மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள். ஸ்டூடியோக்காரன் சொன்னபடி ஒருத்தி, சௌந்தரம், உட்கார்ந்திருக்கிறாள், மற்றவள் நிற்கிறாள். நிற்கிறவளின் கை உட்கார்ந்திருப்பவளின் முதுகுக்குப் பின்னால் போய் அந்தப் பக்கத்துத் தோளில் வந்து முடிகிறது. நான்கு விரல்கள். ஒன்றில் மோதிரம். வைத்த கை இல்லை அது, பிடித்த கை. விரல்நுனி அழுந்தி ரவிக்கைத் துணி சுருங்கியிருந்தது. ஜான்சி பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாக உடைந்தபிறகும் அந்தச் சுருக்கம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அமராவதி ஜான்சியைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல்களை அழிப்பது அரைமணி நேர வேலை. பக்கத்துத் துணியை எடுத்து விரல்மேல் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கடையில் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆல்பத்தில் ஒருவரை வெட்டினால் இன்னொருவர் உடம்பில் அவர் ஏதாவது மிச்சம் வைத்துவிட்டுப் போயிருப்பார், சேலை முந்தானையோ முழங்கையோ. ஜான்சி மோதிர விரலில் ஆரம்பித்தாள். சாப்பிடப் போனாள். திரும்பி வந்து, செய்ததை எல்லாம் பழையபடி ஆக்கினாள். மறுபடி அழித்தாள். அன்று மட்டும் அந்தக் கை நாலைந்து தடவை போய்வந்தது.

வெள்ளிக்கிழமை மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு அமராவதியின் வீட்டுக்குப் போனாள். "நான் ஷிஃப்டுல இருக்கன், பெரியம்மாகிட்ட காட்டிடும்மா, அவுங்க சரின்னா சரி" என்று கதிரவன் போனில் சொல்லியிருந்தார். ஜங்ஷனுக்குப் பின்னால் நாலாவது தெரு, நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு. உள்ளே ஒரே கட்டில். அதன்மேல் மெத்தை மட்டும் கிடந்தது, விரிப்பில்லை. அமராவதி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"தலகாணிய சுடுகாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவணும்னாங்க. எது அவளுதுன்னு கேட்டானுவ. ரெண்டயும் குடுத்துட்டன்." பிறகு, "உக்காரு பாப்பா. காப்பி குடிப்பியா?" என்றார்.

ஜான்சி தலையாட்டினாள். கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ரேகா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும், சூட்டில் விரல் மாற்றிக்கொண்டே, எப்படியோ ஒன்று வெளியே வந்தது. "நீங்க ரெண்டு பேரும் எங்க பாத்துப் பழகுனீங்க?"

"பாத்தது பின்னாடி. பேசுனதுதான் மொதல்ல." அமராவதி எதிரில் உட்கார்ந்தார். "அவ கடலூர் எக்ஸ்சேஞ்சு, நான் சிதம்பரம். அப்பல்லாம் வெளியூருக்குப் பேசணும்னா டிரங்க் கால். ஆபரேட்டருங்க நாங்கதான் சேத்துவுடணும். கூட்டம் இல்லாத நேரத்துல லைன்ல பேசிக்கிவோம். ஒரு வருஷம் மூஞ்சே தெரியாது. கொரல வெச்சு நல்லா ஒசரமா இருப்பான்னு நெனச்சிருந்தன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குறா, இவ்ளோண்டு இருக்கா!" கையைத் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் காட்டிச் சிரித்தார். பல்வரிசை அழகாக இருந்தது. "ஆனித் தேர் பாக்க வந்தா. தேர எங்க பாத்தோம்? ஸ்டூடியோவுக்குப் போயிட்டோம்."

"லைன்ல நீங்க ரெண்டு பேரு மட்டுந்தானா?"

"விருத்தாசலத்துல இருசம்மாள்னு ஒருத்தி. பண்ருட்டியில ஒருத்தி. எல்லாம் ஒண்ணா சேந்துக்குவோம். இருசம்மாளுக்கும் ஒரு ஆளு உண்டு, நர்ஸு..." நிறுத்தினார். "தொணைக்கு இருந்தாங்க ரெண்டு பேரும். நல்ல மனுஷிங்க. அப்புறம் தானா லைன் போடுற மெஷின் வந்துச்சு, ஆளாளுக்கு ஒரு எடம் மாத்திட்டாங்க."

ஜான்சியின் காது சூடாகிவிட்டது. நான்கு ஊர்கள், ஒரு கம்பி. இத்தனை நாளாக அவள் படங்களில் தேடிக்கொண்டிருந்தாள். இவர்களோ குரலாக இருந்திருக்கிறார்கள். "யாரும் ஒண்ணும் கேக்கலயா?" என்றாள்.

அமராவதி அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். எவ்வளவு தெரியும் இவளுக்கு என்று எடைபோடுகிற பார்வை. "என்னா கேப்பாங்க? கதிரு வாய் தொறந்து பெரியம்மான்னான். அப்புறம் தெருவே பெரியம்மான்னுது. அதுக்குமேல எனக்கு என்னாத்துக்கு? வூடு அவ பேருல இருக்குது. நீங்க பாட்டுக்கு இருங்க பெரியம்மாங்கறான் கதிரு. அவன் அத்த மங்கலத்துக்குத்தான் மனசு ஆவல." கையை நீட்டினார். "எங்க, படத்தக் காட்டு."

படத்தில் சௌந்தரம் தனியாக இருந்தார். பின்னால் மலையில்லை, அருவியில்லை, வெளிர்நீலம் மட்டும். தோள் வழவழப்பாக இருந்தது. அமராவதி படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்தத் தோளைத் தேய்த்தார். தூசியைத் துடைப்பதுபோல் ஒருமுறை, இன்னொரு முறை. "இங்க..." என்றார். ஜான்சி காத்திருந்தாள். அமராவதி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அங்கிருந்தே குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்குது. கதிருகிட்ட சொல்லிடு."

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜான்சி அந்தக் கட்டைவிரலையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளும் ரேகாவும் எதையும் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. பஸ்ஸில் பையை இடம் மாற்றி வைத்தால் பக்கத்தில் வா என்று அர்த்தம். துப்பட்டா நுனியைச் சுருட்டினால் யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு விரலசைவுக்கு அர்த்தம் பார்க்கத் தெரியாவிட்டால் அவர்களால் இந்த மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கவே முடியாது. அந்த அம்மாவும் அப்படித்தானே நாற்பது வருஷம் ஓட்டியிருப்பார்? 'இங்க' என்றால் என்ன? இங்கே என் கை இருந்தது, அது எங்கே என்றுதானே? வேறென்ன இருக்க முடியும்?

அன்று சாயங்காலம் ரேகாவுக்கு போன் செய்தாள். "கெடச்சிட்டாங்க" என்றாள். "ஞாயித்துக்கெழம வா. கண்ணால பாக்கலாம்." ரேகா ஏதோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "நெஜமாவா ஜான்சி?" என்றாள். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டபிறகு ஜான்சி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். அரைமணி நேரம் செய்த வேலையை ஒரே நொடியில் பின்னால் ஓட்டினாள். விரல்கள் திரும்பி வந்தன. ஆல்பத்தில் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரியட்டும் என்று நிழலைக் கொஞ்சம் ஆழமாக்கினாள். மோதிரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தாள். செல்வண்ணன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோதே பிரிண்ட் போட்டு, ஃப்ரேமில் மாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுவாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். டெலிபோன் ஊழியர் சங்கத்தின் ஓய்வுபெற்ற ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், உறவுக்காரர்கள், தெருக்காரர்கள். கடைசி வரிசையில் ஜான்சியும் ரேகாவும். ரேகா சிதம்பரத்திலிருந்து வெயிலோடு வந்திருந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை. "எந்த அம்மாடி?" என்று கிசுகிசுத்தாள். முன்வரிசை ஓரத்தில் கஞ்சி போட்ட வெளிர்பச்சைப் புடவையில் அமராவதி உட்கார்ந்திருந்தார். பந்தியைப் பற்றியும் பூவைப் பற்றியும் ஆட்கள் அவரிடம்தான் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலால் திசை காட்டிக்கொண்டிருந்தார். "வூட்டுக்காரி மாதிரியே இருக்காங்க" என்றாள் ரேகா. ஜான்சியின் துப்பட்டா நுனி அவள் கையில் இருந்தது.

சங்கத்துப் பெரியவர் ராமாமிர்தம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் துணியை விலக்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊதுவத்திப் புகைக்குப் பின்னால் சௌந்தரம் சிரித்தார். தோளில் நான்கு விரல்கள், ஒன்றில் மோதிரம். ரேகா மூச்சை இழுப்பது ஜான்சிக்குக் கேட்டது. "அந்தக் கைதானா?" என்றாள் ரேகா. "அந்தக் கைதான்." கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம், எல்லாம் சரியாக இருந்தது.

முதலில் சிரித்தது நடுவரிசையில் ஒரு ஆள். "மச்சான், போட்டோக்காரன் யாரு கையவோ வுட்டுட்டான்டா."

"யாரு கையின்னு தெரியலயா உனக்கு?" இது மங்கலம், கதிரவனின் அத்தை. தாழ்த்திப் பேசத் தெரியாத குரல். "மோதிரத்தப் பாரு, அதே மோதிரம் இன்னும் அவ வெரல்லதான் கெடக்குது. எங்க அண்ணன் போயி நாப்பது வருஷமாச்சு. அவரு பொண்டாட்டிய எவன் தொட்டான்னு ஒருத்தன் வாயத் தொறந்து பேசுனதில்ல. எப்பிடிப் பேசுவான்? படமாத் தொங்குறப்பகூட இந்தப் பொம்பள கைய எடுக்க மாட்டேங்குறா."

யாரோ சிரித்தார்கள், யாரோ "சும்மா இரு மங்கலம்" என்றார்கள். சிலர் படத்தையும் அமராவதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தெருவில் இத்தனை வருஷமாகப் பெரியம்மா என்று கூப்பிட்ட முகங்கள், திடீரென்று கணக்குப் போடுகிற முகங்களாக இருந்தன. அமராவதி படத்தைப் பார்த்தபடி நின்றார். இடதுகை வலதுகையின் மோதிரத்தை மூடியிருந்தது.

கதிரவன் கடைசி வரிசைக்கு நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்னாம்மா இது? தனியாக்கித் தர்றோம்னுதானே சொன்னீங்க?"

எல்லாத் தலைகளும் திரும்பின. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதுபோல் இருந்தது ஜான்சிக்கு. அந்தக் கை அங்கேதான் சார் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி யாருக்குப் போகும் என்று தெரிந்தது. ரேகா பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்க மறந்துட்டன் சார்" என்றாள் ஜான்சி. "கழட்டிக் குடுங்க. நாளைக்கே அழிச்சிக் குடுத்துடறன்."

"பாத்தியா அத்த, கடக்காரப் பொண்ணு மறந்துடுச்சாம்" என்று கதிரவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கூட்டம் தளர்ந்தது. நாற்காலிகள் இழுபட்டன. சும்மா ஒரு தவறு, பாவம் சின்னப் பொண்ணு என்று பேச்சு பந்தியின் பக்கம் திரும்பியது. மங்கலம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரேகாவின் கையிலிருந்து துப்பட்டா நுனி எப்போது நழுவியது என்று ஜான்சிக்குத் தெரியவில்லை.

"பெரியம்மா, நீங்க மொதல்ல போடுங்க" என்று கதிரவன் பூத்தட்டை நீட்டினார். அமராவதி இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். சாமந்தியும் ரோஜா இதழும். படத்துக்கு முன்னால் போய் நின்றார். நாளைக்கு அழியப்போகும் நான்கு விரல்களும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் குனியவில்லை, கையை விரிக்கவுமில்லை. பிறகு திரும்பி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் நடந்து வந்தார். கடைசி வரிசையைக் கடக்கும்போது ஜான்சி "அம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். அமராவதி நிற்கவில்லை. அவர் கண் ஜான்சிமேல் பட்டு, பக்கத்தில் நின்ற ரேகாமேல் பட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒரு கணம் தங்கி, விலகியது.

செருப்பு போடாமலே சாமியானாவைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினார். வெறுங்கால் தார் ரோட்டின் நடுவில், ஓரம் ஒதுங்காமல், ஜங்ஷன் பக்கம் நடந்தது. பின்னால் வந்த மினிபஸ் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, அவர் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து வந்தது. மூடிய விரல்களின் இடுக்கிலிருந்து ஒரு இதழ் விழுந்தது, கொஞ்ச தூரம் போய் இன்னொன்று. கை மட்டும் திறக்கவேயில்லை.